முதுகு ஊசி நாளும் ஒரு ரஸ்கும்

எங்கள் பிள்ளைக்கு ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய், திருவனந்தபுரத்தில் சிகிச்சை. பதிவு, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தன. ஒரு நாள் முழுக்க வீணானது முதுகுத்தண்டு ஊசி அன்றைக்குத்தான். போகிற வழியில் மார்த்தாண்டம் தாண்டும்போது பிள்ளை பசிக்கிறது என்றதும் பாட்டி ஒரு ரஸ்க் கொடுத்துவிட்டார். ஊசிக்கு முன் மயக்க மருந்து தர முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரி. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன். கூட வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், பாட்டியிடம் இரண்டு தடவை.

புற்றுநோயாளிக்கான ரயில் கட்டணச் சலுகைப் படிவத்தில் மருத்துவமனை முத்திரை விழாமல் கவுண்டருக்குப் போய், முழுக் கட்டணம் கட்டினோம். துணைக்கு வரும் ஒருவருக்கும் சலுகை உண்டு. வார்டை விட்டு இறங்கும் முன் கையெழுத்தும் முத்திரையும் பாருங்கள்.

கையில் போட்ட முதல் ஊசிக்கு "வலிக்காது மக்ளே" என்றது பெரிய தப்பு. அடுத்த முறை நர்ஸைக் கண்டதுமே அஞ்சு வயசுப் பிள்ளை அலறினாள். பிறகு, "வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று உள்ளதைச் சொல்லி, எந்தக் கை என்பதை அவளிடமே விட்டோம். "இடத்த கையில குத்துங்க, வலத்த கை படம் வரைய வேணும்" என்று தானே நீட்டினாள். எண்ணுவதும் அவள்தான். ஏழிலேயே ஊசி முடிந்தாலும் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் கையை எடுப்பாள். மரத்துப்போக வைக்கும் களிம்பு 1 மணி நேரம் முன்பே தடவி, மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தால்தான் பலன். வார்டில் பெயர் கூப்பிட்ட பிறகு தடவிப் பிரயோஜனமில்லை.

ஸ்டீராய்டு வாரங்களில் நடுராத்திரி மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும் கேட்டு அழுவாள். அது மருந்தின் பசி, பிடிவாதம் இல்லை, திட்டாதீர்கள். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து போட்டால் மலச்சிக்கல் வரும். டாக்டர் தந்த சிரப் மட்டும் போதும், எனிமா கூடவே கூடாது.

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கும்போது பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் நோய்த்தொற்றுக்கு எச்சரிக்கை, அதையும் பாராசிட்டமால் மறைத்துவிடும். ஆன்டிபயாட்டிக் ஊசி 1 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். ராத்திரி 2 மணியானாலும் சிகிச்சைக் கோப்பை எடுத்துக்கொண்டு நம்ம குமரி மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். போகிற வழியிலேயே திருவனந்தபுரம் வார்டுக்குப் போன் பண்ணுங்கள்.