செஸ்னாவில் கால், செரோக்கியில் கண்

ஒரு மாணவர் பைப்பர் செரோக்கி என்ற சிறிய விமானத்தில் 30 மணி நேரம் பறந்துவிட்டு, பறக்கக் கற்றுத்தரும் என்னிடம் வந்தார். இனி செஸ்னா 152 என்ற பயிற்சி விமானத்தில் தொடர வேண்டும். தரையிறக்கம் சுத்தமாக இருந்தது, ரேடியோவில் தடுமாற்றமே இல்லை. மேலே போனதும் ஸ்டால் பயிற்சியைத் தொடங்கினோம்; மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி, இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய் மீள்வது. "செரோக்கியில எவ்வளவு இழுத்தாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவரை நினைத்து நான் கவலைப்பட்டதும் அதனால்தான்.

பழைய செரோக்கியின் இறக்கை அடி முதல் நுனி வரை ஒரே அகலம். அப்படிப்பட்ட இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான் முதலில் ஸ்டால் ஆகும். எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) இருக்கும் நுனிப்பகுதி அப்போதும் பறந்துகொண்டுதான் இருக்கும். யோக்கை, அதாவது கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை, வயிறுவரை இழுத்துப் பிடித்தாலும் மூக்கு லேசாகத் தலையாட்டுமே தவிர, சட்டென்று கவிழாது. 1974-ல் வந்த வாரியர் மாடலில் இறக்கையை நுனி நோக்கிக் குறுகலாக்கினார்கள், அதுவும் சாதுதான். ஆனால் யோக்கை இழுத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் விஎஸ்ஐ (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) முள்ளைப் பாருங்கள். மூக்கு அடிவானத்துக்கு மேலே நிற்க, விமானம் நிமிடத்துக்கு 1000 அடி வேகத்தில் கீழே போய்க்கொண்டிருக்கும். குலுக்கல் இல்லை, பயம் இல்லை, உயரம் மட்டும் கரைகிறது. 4000 அடியில் இது ஒரு பாடம். ஃபைனலில், அதாவது ஓடுபாதையை நோக்கி இறங்கும் கடைசிக் கட்டத்தில், 300 அடியில் இதே நிலை வந்தால் கண் ஒன்றுதான் காப்பாற்றும், உடம்புக்கு எதுவுமே தெரியாது.

152 அப்படி இல்லை. 110 குதிரைத்திறன் எஞ்சின், தோளோடு தோள் உரசும் இரண்டு இருக்கைகள். இந்தச் சின்ன விமானம் செய்த தவறை உடனே சொல்லிவிடும். அதன் ஸ்டால் எச்சரிக்கைக்கு மின்சாரமே வேண்டாம். இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறிய திறப்பு இருக்கிறது. ஸ்டாலை நெருங்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் ரீட் (அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய தகடு) வழியாகக் காற்று உறிஞ்சப்படும். மௌத் ஆர்கன் முனகுவது போல ஒரு சத்தம் கேட்கும். பறப்பதற்கு முன் அந்தத் திறப்பில் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிச் சோதிப்போம். ஒவ்வொரு மாணவரையும் ஒரு முறையாவது இதைச் செய்ய வைப்பேன். தன் வாயால் எழுப்பிய சத்தத்தைக் காது மறக்காது.

அன்று பவர் கொடுத்து ஸ்டால் செய்தோம். முனகல் ஏறியது, நடுக்கம் வந்தது, இடது இறக்கை பட்டென்று விழுந்தது. அவர் கை உடனே யோக்கை வலது பக்கம் முழுக்கத் திருப்பியது. இறக்கை விழுந்தால் எய்லரானால் தூக்கு என்று 30 மணி நேரப் பழக்கம் சொல்கிறது. ஆனால் ஸ்டால் ஆன இறக்கையில் எய்லரானைக் கீழே இறக்கினால் அதன் தாக்குகோணம் (காற்றை இறக்கை சந்திக்கும் கோணம்) இன்னும் கூடும், ஸ்டால் இன்னும் ஆழமாகும். மூக்கு இடது பக்கம் சுழலத் தொடங்கியது, கண்ணாடி முழுக்கத் தரை. நான் த்ராட்டிலை மூடி எஞ்சின் சக்தியைக் குறைத்து, எய்லரானை நடுவுக்குக் கொண்டுவந்து, வலது ரடரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை, கால் பெடலால் இயங்குவது) மிதித்து, யோக்கை முன்னே தள்ளினேன். முழுச் சுழற்சி ஆகும் முன்பே நேரானது. அவர் வெகுநேரம் பேசவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். செரோக்கி அவருடைய காலைக் கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

இதே பழக்க விஷயம் தரையிலும் உண்டு. செரோக்கியின் முன்சக்கரம் ரடர் பெடலோடு நேரடியாக இணைந்தது. குறுக்குக் காற்றில் ரடரை மிதித்தபடியே முன்சக்கரத்தை வைத்தால், மிதித்த பக்கமே ஓடும். செஸ்னாவில் இடையே ஸ்பிரிங் இருப்பதால் கொஞ்சம் மன்னிக்கும். எரிபொருளிலும் வேறுபாடுதான்: 152-ல் தொட்டி தலைக்கு மேலே, பெட்ரோல் தானாக இறங்கும், வால்வைத் திறந்தால் போதும். செரோக்கியில் தொட்டி கீழே. புறப்படும்போதும் இறங்கும்போதும் மின்பம்பு போட வேண்டும், இடது வலது தொட்டிகளை நேரம் பார்த்து மாற்ற வேண்டும். செஸ்னாவிலிருந்து போகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

டயமண்ட் டிஏ20 என்ற இன்னொரு பயிற்சி விமானத்தில் முதன்முதலில் ஏறிய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. யோக் கிடையாது, தொடைகளுக்கு நடுவே ஸ்டிக். இரண்டு விரல் போதும். முன்சக்கரம் தன்போக்கில் சுழலும் என்பதால் தரையில் மெதுவாக டாக்ஸி செய்யும்போது (ஓட்டிச் செல்லும்போது) ஒருபக்க பிரேக்கால்தான் திருப்ப வேண்டும். நீண்ட மெல்லிய இறக்கை. எஞ்சின் நின்றால் 1000 அடி உயரத்துக்குச் சுமார் 11,000 அடி தூரம் மிதக்கும். நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172 ஏறக்குறைய 9,000 அடி போகும். கேட்க இனிமை, ஃபைனலில் அதுவே தொல்லை. 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) கூடுதல் வேகத்தில் வந்தால் ஓடுபாதை கீழே ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் தொடாது. அங்கே கற்க வேண்டியது வேகத்தை முன்கூட்டியே குறைக்கிற பொறுமை. மற்றபடி அதன் கண்ணாடிக் கூரை வழியே வானத்தைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

172-ஐ நான் மிகவும் மதிக்கிறேன். 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்ட விமானம். ஆனால் முதல் சோலோவுக்கு (தனியாகப் பறப்பதற்கு) முன் ஒருவரை அதில் மட்டும் பழக்க விரும்ப மாட்டேன், மாணவரின் தவறுகளை அது அவ்வளவு சமாளித்துக்கொண்டு போகும். பைப்பர் 1978-ல் கொண்டுவந்த டோமஹாக் பயிற்சி விமானம், பயிற்றுநர்களிடம் கருத்துக் கேட்டு வடிவமைக்கப்பட்டது. ஸ்டாலை மாணவர் உணர வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் எனக்கு முழு உடன்பாடு. பின்னாளில் அதன் ஸ்டால், ஸ்பின் (சுழன்றபடி விழுவது) குணங்கள் பற்றிக் கடுமையான விவாதம் எழுந்ததும் உண்மை. பாடம் உறைக்க வேண்டும், ஆனால் மாணவர் மீண்டுவர இடமும் வேண்டும். 152 அந்த இடத்தில் சரியாக நிற்கிறது என்பது என் அனுபவம்.

அந்த மாணவரோடு அடுத்த இரண்டு நாளும் ஸ்டால் மட்டுமே செய்தோம். யோக்கை நான் பிடித்துக்கொண்டு, ரடரை மட்டும் அவரிடம் விட்டேன். இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கால் மட்டும் பேச வேண்டும். மூன்றாம் நாள் யோக்கையும் அவரிடமே கொடுத்தேன். முனகல், நடுக்கம், இடது இறக்கை விழுந்தது. அவர் கை பக்கவாட்டில் அசையவே இல்லை. யோக் சற்று முன்னே போனது, வலது கால் அழுந்தியது, அடிவானம் நேரானது.

"இன்னொரு தடவை செய்யலாமா சார்?" என்றார். த்ராட்டிலை அவரே முன்னே தள்ளினார், உயரம் ஏறத் தொடங்கினோம்.