அறுபடை வீடும் ஒற்றை மூட்டையும்

முருகனின் அறுபடை வீட்டையும் ஒரே ஓட்டமாக, தனியாக, பைக்கில் முடித்து வருவதாக வேண்டிக்கொண்டவர்கள் முதலில் கேட்பது, 'ராத்திரி எங்கே படுப்பது?' அது பெரிய காரியமே இல்லை. படுக்க இடம் முருகன் கொடுப்பான். கஷ்டமான கேள்வி வேறு: நாம் சன்னிதிக்குள் நிற்கும்போது மூட்டையை யார் பார்த்துக்கொள்வது? குடும்பமாகப் போனால் வரிசையில் நிற்க முடியாத பாட்டி வண்டியோடு உட்கார்ந்திருப்பார். தனியாளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு மணி நேரம் கியூவில் நின்று, தீபாராதனை காட்டுகிற அந்த நொடியில் மனசு பார்க்கிங்கில் கிடந்தால் என்ன தரிசனம் அது?

அதனால் திட்டத்தை மூட்டையிலிருந்து தொடங்க வேண்டும். பைக்கின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகள் பார்க்க நன்றாக இருக்கும். கோவில் வாசலில் தொல்லை. தோளில் மாட்டிக்கொண்டு பொருள் பாதுகாப்பு அறைவரை நடக்கக்கூடிய ஒரே பை, 12 கிலோவுக்குள். கம்பி மாட்டினால் தானே நிற்கும் டோம் கூடாரம் இரண்டு கிலோவில் கிடைக்கிறது. முளை அடித்துத்தான் நிறுத்த முடியும் என்ற வகை நமக்கு ஆகாது, ஏனென்றால் பாதி நாள் மண்டபத்துச் சிமென்ட் தரையிலோ மொட்டை மாடியிலோதான் விரிப்போம். மழை இல்லாத நாளில் மேல்துணி போட வேண்டாம், கொசுவலை உள்கூடு மட்டும் போதும். கடலோரத்தில் மேல்துணியையும் போட்டு மூடினால் விடியும்போது உள்ளே சொட்டும். அடியில் போட ஆறுக்கு எட்டு தார்ப்பாய், இரண்டு வேட்டி, ஒரு துண்டு, டார்ச், பங்சர் கிட், உபரி கிளட்ச் கேபிள். அடுப்பு வேண்டாம். விரதச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அவலும் அரைக் கிலோ வெல்லமும் போதும், பத்து நிமிடம் ஊறினால் முடிந்தது. திருச்செந்தூரிலும் பழனியிலும் நாள் முழுக்க அன்னதானம் இருக்கிறது.

மாசி மாதம் தோதானது. பனி குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். அந்த நாட்களில் இரவில் அங்கே வண்டி ஓட்டுவது பாவம். மாசியிலும் திருச்செந்தூரில் 12 நாள் திருவிழா உண்டு, பஞ்சாங்கம் பார்த்துத் தள்ளிப்போட வேண்டும். கிருத்திகை, சஷ்டி, விசாகம், செவ்வாய், வெள்ளி எல்லாம் அவனுக்கு உகந்த நாட்கள்தான். கூட்டத்துக்கும் அவைதான் உகந்த நாட்கள்.

வரிசை பற்றிக் குழம்ப வேண்டாம். நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் திருப்பரங்குன்றத்தில் தொடங்கி, அலைவாய் (திருச்செந்தூர்), ஆவினன்குடி (பழனி), ஏரகம் (சுவாமிமலை), குன்றுதோறாடல் (திருத்தணி), பழமுதிர்சோலை என்று போகிறார். சென்னையிலிருந்து புறப்படுகிறவருக்கு அந்த வரிசை சுற்று வழி. திருத்தணி, சுவாமிமலை, திருச்செந்தூர், திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை, பழனி என்று போய்த் திரும்பினால் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். எட்டு நாள் வைத்துக்கொண்டால் நிதானமாக முடியும்.

திருத்தணியில் 365 படி. மேலேவரை வண்டி போகும், ஆனாலும் முதல் நாள் கால் தெம்பாக இருக்கும்போதே படியேறிவிடுவது நல்லது. சுவாமிமலையில் 60 படி, தமிழ் வருடத்துக்கு ஒன்று. டெல்டாவில் வயல் வரப்போரம் கூடாரம் போட்டால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஜிப்பை முழுக்க மூடி, செருப்பையும் உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். தோப்புக்காரரிடம் கேட்டால் பம்புசெட் பக்கம் படுத்துக்கொள்ளச் சொல்வார்கள். தென்னை மரத்தடி மட்டும் வேண்டாம். மட்டை விழுந்தால் கூடாரக் கம்பி தாங்காது, தேங்காய் விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

ராமநாதபுரம் தாண்டித் தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் பலருக்குச் சோதனை. சாலையோரம் நிழல் என்றால் சீமைக் கருவேலம் ஒன்றுதான். அந்த நிழலில் வண்டியை இறக்கினால் பங்சர் நிச்சயம். முள் டயருக்குள் ஒடிந்து நிற்கும், காற்று உடனே இறங்காது, இருபது கிலோமீட்டர் போன பிறகு பின்சக்கரம் ஆடத் தொடங்கும். விரலால் தடவிப் பார்த்தால் தட்டுப்படாது. டயரில் தண்ணீர் ஊற்றிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்து முள்ளைப் பிடுங்க வேண்டும். ஓய்வெடுப்பதாக இருந்தால் தார் விளிம்பை விட்டு இறங்காமல், டீக்கடை முன்னால் நிறுத்துங்கள்.

திருச்செந்தூரில் செய்கிற வரிசை முக்கியம். முதலில் மூட்டையை ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். உலர்ந்த வேட்டியை மட்டும் துணிப்பையில் வைத்துக்கொண்டு கடலுக்கு, பிறகு நாழிக்கிணறு. உப்புக் கடலுக்கு இத்தனை பக்கத்தில் இப்படி ஒரு நல்ல தண்ணீர்! வேட்டி மாற்றி, கைபேசியையும் கொடுத்துவிட்டு வரிசைக்கு. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், அதனால் சட்டைப்பை என்பதே கிடையாது. டோக்கன், சாவி, காணிக்கைப் பணம் மூன்றும் இடுப்பில் கட்டும் சிறு பையில். இதைச் செய்யாதவர்கள் ஈர வேட்டி மடிப்பில் சாவியைச் செருகிவிட்டு, உள்ளே போகும்வரை அதையே தடவிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். 'சாமி, சீக்கிரம் காட்டுறேன்' என்று வழிமறிப்பவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்துவிட வேண்டும். பேச்சுக் கொடுத்தால் அரைமணி போச்சு.

உள்ளே அவன் நிற்கிறான். சூரனை முடித்த கை. ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் பூ. சண்டை முடிந்து அப்பனுக்குப் பூஜை செய்ய நிற்கிற கோலம். நாலு பக்கமும் தள்ளுகிறார்கள், 'நகருங்க நகருங்க' என்று தோளைப் பிடித்து இழுக்கிறார்கள். கேட்க நினைத்தது எதுவும் நாக்கில் வராது, வர வேண்டியதும் இல்லை. செந்திலாண்டவா, வெறுங்கையோடு உன் முன்னால் நிற்க வைத்தாயே, இது போதாதா.

இங்கே பிரசாதமாகத் தரும் பன்னீர் இலை விபூதியைப் பையில் போட்டால் பழமுதிர்சோலை போய்ச் சேர்வதற்குள் தூளாகிவிடும். மூடி இறுக்கமான சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்று வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். புறப்படும் முன் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். கடற்காற்று உப்பு இரண்டே நாளில் துரு பிடிக்க வைக்கும்.

திருப்பரங்குன்றத்தில் மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விட வேண்டும். பழமுதிர்சோலை மாலை 6 மணியோடு சரி. அது காப்புக்காடு, கூடாரம் என்ற பேச்சே கூடாது. குரங்குகளுக்குப் பை ஜிப் திறக்கத் தெரியும். அவல் மூட்டையை அங்கே வெளியே எடுக்காதீர்கள்.

பழனிக்குள் நுழையும்போதே வண்டியை மறித்து 'பார்க்கிங் ஃப்ரீ' என்பார்கள். ஃப்ரீ அல்ல, அவர்கள் காட்டும் கடையில் பூஜைத் தட்டு வாங்க வைப்பார்கள். நேரே தேவஸ்தான நிறுத்தத்துக்குப் போய்விடுங்கள். முதல் தரிசனம் அடிவாரத்துத் திருஆவினன்குடி. நக்கீரர் பாடிய மூன்றாம் படைவீடு அதுதான், அதை விட்டுவிட்டு மலைமேல் இழுத்துப் போகும் விஞ்சுக்கு ஓடுகிறார்கள். மொட்டை போடுகிற வேண்டுதல் இருந்தால் வண்டி ஓட்ட வேண்டியதை நினைவில் வையுங்கள்: சந்தனம் முழுக்கக் காயாமல் ஹெல்மெட் போட்டால் உள்பஞ்சில் ஒட்டிக்கொண்டு வியர்வையில் நாறும், கத்தி பட்ட இடம் எரியும். ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு அதன் மேல் போடலாம்.

693 படி ஏறி நிமிர்ந்தால், மாலையில் ராஜ அலங்காரம். கோவணத்தோடும் தண்டத்தோடும் பார்க்க வேண்டுமானால் காலையில் வர வேண்டும். வீட்டை விட்டுத் தனியாகக் கிளம்பி வந்து நின்றவன் அவன். அவனுக்கு மூட்டையே கிடையாது, அப்பனே! ராக்காலப் பூஜையில் மேனியில் சாத்திய சந்தனம் மறுநாள் காலை பிரசாதமாகக் கிடைக்கும். பன்னீர் இலை வைத்த அந்த எவர்சில்வர் டப்பாவில் அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள்.