நாகலகம் எத்தனை அடி?

வகுப்பில் எனக்கு வைத்த பட்டம் ‘நாகலகம்’. இந்தக் கல்லூரி மலரை வாசிக்கும் பலருக்கு என் சொந்தப் பெயர் மறந்திருக்கும், இது மறந்திராது.

எங்கள் வீடு மட்டக்குளியில், களனி கங்கைக்கும் வெள்ளத்தடுப்புக் கட்டுக்கும் நடுவில். கட்டு, கொழும்பைக் காக்க. நாங்கள் கொழும்பு 15 என்றுதான் முகவரி எழுதினோம், ஆனால் இருந்தது கட்டுக்கு வெளியே. ஒரு வசதி மட்டும் உண்டு: 155ஆம் இலக்க பஸ் அங்கிருந்துதான் புறப்படும். வெள்ளென ஏறினால் யன்னலோரம் நிச்சயம். கொட்டாஞ்சேனையில் ஏறுபவர்கள் தொங்கிக்கொண்டு வர, நான் பம்பலப்பிட்டி வரை வீட்டுப்பாடம் எழுதுவேன். கையெழுத்து இன்றும் குலுங்கும்.

அப்பா கிராண்ட்பாஸில் எண்ணெய் மில்லொன்றின் கணக்குப்பிள்ளை. போர்த்துக்கேயர் பெயர் வைத்த பெரிய துறை அது என்பார். 1822இல் படகுகளைப் பிணைத்துப் போட்ட பாலம், பிறகு 1895இல் விக்டோரியா பாலம். ஏதோ தானும் கூட நின்று கட்டியதுபோல் சொல்வார். மழை பிடித்தால் கதை நின்றுவிடும். நாகலகம் வீதியில் ஆற்று நீர்மட்ட அளவுகோலைப் பார்த்துவிட்டு வந்து, சேட்டைக் கழற்றுமுன் அம்மாவிடம் ஓர் எண் சொல்வார். “நாலு” என்றால் சாப்பாடு. “ஆறு” என்றால் அரிசி மூட்டை அலுமாரிக்கு மேலே போகும். மறுநாள் அந்த எண்ணை வகுப்பில் நான் அறிவிப்பேன். பட்டம் வந்த வழி அது.

1989 ஜூனில் ஒன்பதைத் தாண்டியது. வெள்ளம் வாசலால் பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். அது குசினித் தண்ணீர் போகும் ஓட்டையால் சத்தமில்லாமல் வந்தது. அம்மாவின் ஒரு செருப்பு மிதந்து, மெதுவாகத் திரும்பி, மேசைக் காலில் முட்டி நின்றது. விடியும்போது கட்டின் மேல் நின்றோம்.

கல்லூரிக்குத் திரும்பிய நாளில் காலில் ரப்பர் செருப்பு.

“தம்பி, சப்பாத்து எங்க?”

“ஆத்தோட போயிட்டுது சேர்.”

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. பின்வாங்கிலிருந்த மஸ்கெலியா நண்பன்தான் இடைவேளையில் வந்து, “எங்க ஊரு தண்ணிதான்டா ஒங்க வீட்டுக்குள்ள வந்திருக்கு” என்றான். உண்மைதான். மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி. இரண்டு நாள் கழித்து விடுதியில் தன்னிடமிருந்த இரண்டாவது சோடிச் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தான். ஒரு அளவு பெரிது. முனையில் கடதாசி அடைத்து அந்த வருடம் முழுக்கப் போட்டேன்.

2016 மே மாதம், லண்டனில் நள்ளிரவு தாண்டி ரொறன்ரோவிலிருந்து அவன் அழைப்பு.

“நாகலகம், இப்ப எத்தன அடி?”

“ஏழு தாண்டிட்டுது.” கணினியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“வீட்டுல யாரு இருக்கா?”

“ஒருத்தரும் இல்ல மச்சான். வித்து இருபது வருசம்.”

“அப்ப ஏன்டா முழிச்சிருக்க?”