வில்வக் குகை என்று நினைத்துப் போன இடம்

கித்துல்கலப் பக்கம் இருக்கும் பெலிலென என்ற இடத்தின் பெயரைக் கேட்டதும் வில்வமரக் குகை என்றுதான் நினைத்தேன். சிங்களத்தில் பெலி என்றால் வில்வம், லென என்றால் குகை. பெலிமல், அதாவது வில்வப்பூத் தேத்தண்ணி விற்காத கடை நம் பக்கத்தில் ஏது? சித்தப்பாவிடம் சொன்னேன். "சிவனுக்கு உகந்த எடமா இருக்கும் போல, நானும் வாரேன் புள்ள" என்று விபூதி பூசிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு வயது 72. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கால் மட்டும் இன்னும் மலை ஏறும்.

போயா (பௌர்ணமி) லீவு நாள். பொகவந்தலாவையில் இருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்பு பஸ். வட்டவளையில் வழக்கம்போல மழை. கினிகத்தேனையைத் தாண்டியதும் வளைவு வளைவாக இறங்கி, போட்டிருந்த சுவெட்டரைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. தேயிலை குறைந்து இறப்பரும் கித்துள் மரமும் வருகின்றன. கீழே பள்ளத்தில் களனி கங்கை. எங்கள் பக்கத்து கெஹல்கமு ஓயாவும் மஸ்கெலியாப் பக்கமிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும் கித்துல்கலவுக்கு மேலே ஒன்று சேர்ந்துதான் இந்த ஆறு. இதை நான் சொன்னதும் சித்தப்பா கணக்குப் போட்டுவிட்டார்: "அப்ப கொழும்பு ஆளுங்க இத்தன வருசமா நம்ம சோப்பு நுரையத்தான் குடிக்கிறாங்க."

ஆற்றில் தலைக்கவசம் போட்ட வெள்ளைக்காரர்கள் ரப்பர் படகில் கத்திக்கொண்டு போனார்கள். கித்துல்கல என்றால் எல்லோருக்கும் அதுதான். குகைக்குப் போக வேண்டும் என்றதும் திரீவீல் தம்பி எங்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். தேயிலைத் தோட்டத்து ரோட்டில் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோய், இனி நடந்துதான் போக வேண்டும் என்று இறக்கிவிட்டான். அந்த ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்ட வந்தார். சித்தப்பா அவரை "மாத்தயா" என்றார், அவர் சித்தப்பாவை "மாமே" என்றார். அதோடு இரண்டு பேரும் சிங்களத்தில் என்னை மறந்துவிட்டார்கள்.

ஈரக்காடு. அட்டை என்றால் அப்படி ஒரு அட்டை. நான் டெட்டோல் தடவிக்கொண்டு வந்திருந்தேன், ஒரு பிரயோசனமும் இல்லை. சித்தப்பா மடியிலிருந்து ஒரு உப்புப் பொட்டலத்தை எடுத்தார். பாதியைத் துணியில் முடிந்து, குச்சி நுனியில் கட்டி நனைத்து என்னிடம் நீட்டினார். கடித்த இடத்தில் ஒரு தொடு தொட்டால் போதும், சுருண்டு விழுகிறது. கொழுந்து மலையில் பெண்கள் காலமெல்லாம் செய்வது. ஆசிரியை ஆனதும் இதெல்லாம் எனக்கு மறந்துபோயிருக்கிறது.

குகை திடீரென்றுதான் கண்ணுக்குப் படுகிறது. உள்ளே நுழையும் பொந்து மாதிரி இல்லை. பாறை பெரிய கூரை மாதிரி முன்னால் நீண்டு நிற்க, அடியில் உலர்ந்த மண். வெளியே மழை வலுத்து, பாறையின் விளிம்பிலிருந்து தண்ணீர் திரை போல இறங்கியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தகரத்தைவிட நல்ல கூரை.

சாமியைத் தேடினார் சித்தப்பா. சாமி இல்லை. வில்வமும் இல்லை. வழிகாட்டி சிரித்துவிட்டு, நத்தை ஓட்டையும் பெலி கட்டு என்று சொல்வோம், தோண்டத் தோண்ட நத்தை ஓடாக வந்ததால் இந்தப் பெயர் என்றார்.

ஆறாம் வகுப்புக்கு வரலாறு நடத்தும்போது பலாங்கொடை மனிதன் என்று கரும்பலகையில் எழுதி, கோடு போட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இலங்கையின் அந்தக் கற்கால மனிதன் அடுப்பு மூட்டிய இடம் இது. 30,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கே ஆட்கள் வந்து குடியிருந்திருக்கிறார்கள். பலாங்கொடை மனிதன் என்று பெயர் வைத்தவர் பி. ஈ. பி. தெரணியகல. அவருடைய மகன் சிரான் தெரணியகல 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் இந்த மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டிப் பார்த்தார். எலும்புக்கூடுகள் கிடைத்தன. படிகக்கல்லில் உடைத்துச் செய்த சின்னஞ்சிறு ஆயுதங்கள் கிடைத்தன, முக்கோணமாக, பிறை வடிவமாக. அந்த ஆண்கள் சராசரி 174 சென்டிமீட்டர் உயரம் இருந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர் கணக்கு. இதை வழிகாட்டி கையை உயர்த்திக் காட்டிச் சொன்னபோது ஐந்தடி சித்தப்பா அண்ணாந்து பார்த்தார்.

என்ன தின்றார்கள் என்று அவர்தான் கேட்டார். குரங்கு, அணில், காட்டு வாழை, கெக்குண என்ற காட்டு மரத்தின் விதை, காட்டுப் பலா இனத்தில் ஒன்று. அப்புறம் ஓடை நத்தை.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நாங்களும் தின்னுருக்கோம் புள்ள" என்றார்.

1974. தோட்டங்களில் பஞ்சம். கூப்பன் மாவு வீட்டுக்கு எட்டவில்லை. இவருக்கு அப்போது இருபது வயதிருக்கும். காட்டுக்கிழங்கு தோண்டி, கீரை பிடுங்கி, ஓடையில் நத்தை பொறுக்கி உப்புப் போட்டு அவித்துத் தின்றதை இத்தனை வருசத்தில் இவர் வாயால் நான் கேட்டதில்லை. லயத்தில் இரண்டு கிழவிகளும் ஒரு பிள்ளையும் செத்துப்போனதை மட்டும் அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு அப்புறம்தான், முன்பே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அத்தையும் அவர் வீட்டுக்காரரும் போனார்கள். எங்கள் மேல் டிவிசனில் அவர்கள் இருந்த லயம் இன்னும் நிற்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), வரிசையாக, கூரை இல்லாமல், முன்திண்ணை இஸ்தோப்பில் பன்னம் முளைத்து. சின்ன வயதில் அங்கே ஒளிந்து விளையாடுவோம். அத்தை வீட்டு அடுப்புச் சுவரின் கரியைத் தொட்டால் அப்போதும் விரலில் ஒட்டும்.

இங்கே கரி ஒட்டுமா என்று பாறையைத் தொடப் போனேன். தொடக் கூடாது என்று வழிகாட்டி சைகை காட்டினார். சரிதான்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குகையில் இருந்தவர்களுக்குக் கடற்கரையிலிருந்து உப்பு வந்திருக்கிறதாம். தோண்டிய மண்ணில் அதற்குத் தடயம் இருக்கிறது. பஸ்ஸில் போனாலே கடலுக்கு மூன்று மணி நேரம் ஆகிற இடம் இது. வண்டி இல்லை, மாடு இல்லை. யாரோ நடந்து போய், நடந்து வந்திருக்கிறார்கள். இல்லையென்றால் கைமாறிக் கைமாறி வந்திருக்கும். எதைக் கொடுத்து வாங்கியிருப்பார்கள்? தேனா? இலையில் முடிந்து வந்தார்களா, சுரைக்குடுக்கையிலா? அடுத்த தவணை பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். கல்லாயுதம் அப்புறம்.

சித்தப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "பின்ன, உப்பு இல்லாம நத்தைய எப்புடித் திங்கிறது?" என்றார்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. அட்டை விடவில்லை. பிரதான ரோட்டுக் கடையில் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தேன், இரத்தத்தண்ணி. ஒரு கிழவி வெரளிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். சித்தப்பா நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, மடியில் மிஞ்சியிருந்த உப்பை அதன் மேல் தூவி என்னிடம் நீட்டினார்.

"அட்டைக்கு எடுத்த பொட்டலம் சித்தப்பா" என்றேன்.

"அது அந்தப் பாதி" என்று சொல்லிவிட்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். ஹட்டன் பஸ் வரும்வரை இரண்டு பேரும் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தோம்.