மாப்பிள்ளை திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம்?

அமெரிக்காவுக்கு விசிட்டர் விசா கேட்பவர் யாராக இருந்தாலும், சட்டம் அவரைச் சந்தேகத்தோடுதான் வரவேற்கிறது. 1952-இல் வந்த குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, இவர் போனால் அங்கேயே தங்கிவிடுவார் என்று எடுத்துக்கொண்டுதான் பேச்சே ஆரம்பம். இல்லை, திரும்பி வருவேன் என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவர் பாடு.

என் கணவர் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்குத் தோதாக நானே இருந்தேன். நான் அமெரிக்கக் குடிமகள். அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் அங்கே. நான் மட்டும் வேலைக்காக இவருடைய நாட்டுக்கு வந்து, இவரைக் கட்டிக்கொண்டு, இங்கேயே குடித்தனம் நடத்துகிறேன். இவருடைய பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் போகிற சலுகை கிடையாது. ஆக, எங்கள் கல்யாணம் நிஜம் என்று காட்ட வேண்டும். அந்தக் கல்யாணத்தைச் சாக்காக வைத்து இவர் அமெரிக்காவில் உட்கார்ந்துவிட மாட்டார் என்றும் காட்ட வேண்டும். பெண்டாட்டி மேல் பிரியம் இருக்கலாம், அளவோடு.

சித்தப்பா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "விசிட்டர் எல்லாம் எதுக்கும்மா? நேரா கிரீன் கார்டுக்குப் போட்டுடு." அதற்கு ஐ-130 என்று ஒரு மனு இருக்கிறது. போடலாம்தான். ஆனால் குடியேறப் போகிறார் என்று ஒரு மனுவும், பார்த்துவிட்டு வந்துவிடுவார் என்று இன்னொரு மனுவும் ஒரே ஆள் பெயரில் கிடந்தால், தூதரகத்தில் இருப்பவர் எதை நம்புவார்? அதோடு எங்களுக்கு அங்கே குடியேறும் எண்ணமே இல்லை. இதைச் சொன்னபோது சித்தப்பா என்னை ஒரு மாதிரியான மௌனத்தால் கண்டித்தார்.

விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்ப உட்கார்ந்தோம். இவர் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். மிகவும் நேர்மையானவர், அதுதான் பிரச்சினை. துப்பாக்கி, வெடிமருந்து, அணு, உயிரியல், வேதியியல் சார்ந்த சிறப்புப் பயிற்சியோ அனுபவமோ உண்டா என்று ஒரு கேள்வி வரும். இவர் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார்.

"போன வாரம்கூட ஒன்பதாம் வகுப்புக்கு மெக்னீசியம் எரிச்சுக் காட்டினேனே?"

"அது பாடம்."

"வேதியியல்னு தெளிவா போட்டிருக்கே?"

வாதம் நீண்டது. அந்தப் படிவத்துக்கு ஒரு குணம் உண்டு. ஏறக்குறைய 20 நிமிடம் நாம் எதுவும் செய்யாமல் இருந்தால் தானாக வெளியே தள்ளிவிடும். தள்ளியது. விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்திருந்ததால் மறுபடி உள்ளே போக முடிந்தது. அவர்கள் கேட்பது ஆயுதத்தைப் பற்றி, பள்ளிக்கூட ஆய்வகத்தைப் பற்றி அல்ல என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்து 'இல்லை' போட்டோம். அதே பக்கத்தில், ஏதாவது குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா என்றும் கேட்டது. இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் கல்யாணத்தை வீடியோவில் பார்த்த என் சொந்தக்காரர்கள் கூட்டம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "உன்னைக் கட்டிக்கிட்டதால நானும் அதுல சேர்த்தியா?" என்றார். தெரிந்த மொழிகள் பட்டியலில் தமிழையும் சேர்த்தே தீருவேன் என்று நின்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் 'வாங்க', 'போதும்', 'ஐயோ'. தூதரக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த அதிகாரி யாராவது இருந்து தொலைத்தால் என்ன ஆவது என்று அதையும் தடுத்தேன்.

புகைப்படம் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி. 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்த படம் செல்லாது. கண்ணாடி இல்லாமல் இவருக்குக் கேமராவே தெரியாது. குத்துமதிப்பாக ஒரு திசையைப் பார்த்து நின்ற அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "மாப்பிள்ளைக்கு என்னடி உடம்புக்கு?" என்று பதில் வந்தது.

அழைப்புக் கடிதத்துக்கு வருகிறேன். இந்த விசாவுக்கு அது வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் அம்மா எழுதிவிட்டாள், ஒரு பக்கம் முழுக்க. "எங்கள் மருமகன் எங்களுக்கு மகன் மாதிரி. அவர் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எங்களோடு இருக்கலாம். இது அவருடைய வீடு. அவரைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு மனமே வராது."

214(பி)-க்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கடைசி மூன்று வரிகளையும் எடுத்துவிடச் சொன்னேன். "வர்றவங்களை எப்போ கிளம்புவீங்கன்னு கேட்டு எழுதுறதா கடிதம்?" என்று அம்மா கோபித்துக்கொண்டாள். அப்பா சமாதானமாக ஒன்று தட்டச்சு செய்து அனுப்பினார். அது அலுவலகச் சுற்றறிக்கை போல இருந்தது. இரண்டையும் ஃபைலில் வைக்கவில்லை.

இன்டர்வியூ ஒத்திகையும் நடந்தது. வீடியோவில் அக்காதான் அதிகாரி.

"எதற்காக அமெரிக்கா போகிறீர்கள்?"

"என் மனைவியைப் பிரிந்து என்னால் இருக்க முடியாது."

"ரிஜெக்ட்" என்றாள் அக்கா.

"திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று அவள் அடுத்துக் கேட்க, பின்னாலிருந்து அம்மா, "ஏன் திரும்பணும்? இங்கே இல்லாத ஸ்கூலா அங்கே?" என்றாள். ஒத்திகை அதோடு கலைந்தது.

அப்பாயின்ட்மென்ட் நாளன்று ஃபைல் தலையணை கனத்துக்கு இருந்தது. கல்யாணப் பதிவுச் சான்றிதழ், பள்ளியில் விடுப்பு அனுமதித்த கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், என் வேலைக் கடிதம். எனக்கு உள்ளே வேலை இல்லை. வெளியே நடைபாதையில் நின்றேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை, ஃபைலும் திறந்த மாதிரி இல்லை.

"ஒரு பேப்பரைக்கூடப் பார்க்கலை. என்ன வேலை, யாரைப் பார்க்கப் போறீங்க, மனைவி எங்கே இருக்காங்கன்னு கேட்டாங்க. அப்புறம், அமெரிக்கக் குடிமகளைக் கட்டியிருக்கீங்க, ரெண்டு பேரும் அங்கேயே இருந்துட மாட்டீங்களான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உண்மையைத்தான் சொன்னேன். அவளுக்கு அம்மான்னா உயிர். ஆனா சேர்ந்தாப்பல மூணு நாள் ஒரே வீட்ல இருந்தா சண்டை வந்துடும். ரெண்டு வாரத்துக்கு மேல அவளே இருக்க மாட்டான்னேன். அந்த ஆபீசரம்மா சிரிச்சுட்டாங்க. பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டு, விசா அப்ரூவ்டுன்னு சொல்லிட்டாங்க."

என் வேலைக் கடிதத்துக்காக மனிதவளத் துறைக்கு நான் எழுதிய மின்னஞ்சல்களை நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி என்ன கேட்டார் என்று அம்மா அன்றைக்கே விசாரித்தாள். வேலையைப் பற்றி என்று சொல்லி வைத்தேன்.

பயணத்தை விவரிக்க ஒன்றுமில்லை. விசா கையில் இருந்தாலும், எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இப்போதெல்லாம் அதை இணையத்தில்தான் எடுக்க வேண்டும். அப்பாவுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்த வேலை. எடுத்து, அச்சடித்து, மேஜை மேல் வைத்தார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"ஆறு மாசம் போட்டிருக்கான்!"

"அதுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு அர்த்தம்மா. அவ்வளவு நாளும் இருக்கணும்னு இல்லை."

"அமெரிக்க கவர்மென்டே ஆறு மாசம் இருங்கன்னு சொல்லுது. பெத்த பொண்ணு ரெண்டு வாரத்துல டிக்கெட் போட்டு வெச்சிருக்கா. மாப்பிள்ளை, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க."

நான் ஏதோ சொன்னேன். அம்மா அதற்கு ஏதோ சொன்னாள். குரல்கள் ஏறின. அப்பா ஐ-94-ஐப் பத்திரமாக எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நாங்கள் வந்து இறங்கி அன்றைக்கு மூன்றாம் நாள்.