காந்தத்தில் ஒட்டிய பொடியும் வைவா கேள்வியும்

பினாங்கில் முதுகலை வேதியியல் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "வினையூக்கியை ஐந்து முறை பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்தது காந்தத்தில் ஒட்டிய பொடியா, கரைசலில் கசிந்த அமிலமா?" என்னிடம் பதில் இல்லை. திருத்தத்துக்குக் கிடைத்த மூன்று மாதத்தில் கற்றதை, அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

என் வினையூக்கி மேக்னடைட் என்ற, காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்; மேலே சிலிக்கா உறை, அதன்மேல் சல்ஃபோனிக் அமிலம். ஃபெரிக், ஃபெரஸ் உப்புகளை 2:1 மோல் விகிதத்தில் எடுத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் அம்மோனியா விட்டால் கறுப்பாகப் படியும். பழுப்பேறினால் காற்று புகுந்திருக்கிறது, மறுபடி செய்யுங்கள். சிலிக்கா உறையில் அவசரம் கூடாது. உறை சரியாக மூடாவிட்டால் அமிலம் உள்ளே இருக்கும் இரும்பு ஆக்சைடைக் கரைத்துவிடும்.

அமிலம் ஏற்றும் நாள்தான் கடினம். குளோரோசல்ஃபோனிக் அமிலம் ஈரக்காற்று பட்டாலே புகையும். நம் பினாங்குக் காற்றைச் சொல்லவே வேண்டாம். மழை பெய்த ஒரு பிற்பகலில் புட்டியைத் திறந்ததும் வாயிலேயே வெண்புகை சுருண்டது. கண்ணாடிச் சாமான்களை முந்தைய இரவே ஓவனில் காயவையுங்கள். புகையை வெளியே உறிஞ்சும் ஃபியூம் ஹுட்டுக்குள், குடுவையைப் பனிக்கட்டியில் வைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். பென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா மூன்றும் சேரும் பிஜினெல்லி வினையில்தான் சோதித்தேன். வினை பாதி நடந்ததும், சூடு ஆறுவதற்குள் குடுவைக்கு வெளியே காந்தத்தை வைத்தேன். பொடி சுவரில் அப்பிக்கொண்டது. தெளிந்த கரைசலை வடிகட்டி, வேறு குடுவையில் அதே சூட்டில் ஓடவிட்டேன். கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் பென்சால்டிஹைடு புள்ளி மெல்ல மங்கியது. மனசு கனத்துப்போனது. பொடி இல்லாமலே வினை ஓடுகிறது என்றால், அமிலம் கசிந்திருக்கிறது! கழுவிய நீரில் நீல லிட்மஸ் சிவக்காமல் போகும்வரை புதுப் பொடியைக் கழுவி, அதே சோதனையைச் செய்தபோது புள்ளி அப்படியே நின்றது.

அப்புறம் இன்னொரு தவறு. ஒவ்வொரு சுற்றையும் 4 மணி நேரம் ஓட்டியிருந்தேன். ஊக்கியில் பாதி செத்திருந்தாலும் அதற்குள் வினை முடிந்துவிடும், விளைச்சல் குறைந்ததே தெரியாது. 30 நிமிடத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள். விளைபொருள் ஆறினால் பொடியோடு படிந்துவிடும். சூடான எத்தனாலில் கழுவிய பிறகே எடை போடுங்கள். முதல் சுற்றுக்கு முன்னும் கடைசிச் சுற்றுக்குப் பின்னும் கொஞ்சம் பொடியை உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்து, பொடியில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு அளவையும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள், குறைந்திருந்தாலும்.