தூக்கின வண்டிக்குப் பெரிய டயர்: உரசல் எங்கே வரும்?

ஸ்பிரிங் பக்கம் லிஃப்ட் போட்டு வண்டியின் பாடியை இரண்டு இன்ச் தூக்கிவிட்டால் பெரிய டயர் தானாக உள்ளே போய்விடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். தூக்குவது மேலே இடம் தருமே தவிர, முன்னும் பின்னும் ஒரு நூல்கூடத் தராது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயரின் தோள் (தரையில் படும் பரப்பும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பு) போய் இடிக்கிற இடம் மட்காடின் பின்பக்கச் சுவர்.

என்னுடையது இசுசு வி-கிராஸ், பின்னால் லோடு பெட்டி உள்ள வண்டி. தோட்டம் சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே போகும் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில், டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் குழி விழுந்து, நடுவில் மேடு நிற்கும். பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர் கூடு) அந்த மேட்டில் இழுத்துக்கொண்டே வரும். வண்டியைத் தூக்கியும் இது தீரவில்லை. தூக்கினால் பாடிதான் உயரும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி.

பழைய டயர் 255/65 ஆர்17, மொத்த உயரம் 763 மில்லிமீட்டர். 265/70 ஆர்17 போட்டால் 803. வித்தியாசம் 40 என்றாலும் ஆக்சிலுக்குக் கிடைப்பது பாதி, 20 மில்லிமீட்டர்தான். நண்பர்கள் 285/70 போடச் சொன்னார்கள், பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்று. அது 831. அதை நுழைக்க, பாடியைச் சேஸிஸில் பிடித்திருக்கும் மவுண்ட்டின் ஓரத்தை வெட்ட வேண்டி வரும். அழகுக்காக அங்கே கட்டிங் மிஷின் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே இதில் கை வைப்பவர் எஃப்.சி., இன்சூரன்ஸ் இரண்டிலும் கேள்வி வரலாம் என்று தெரிந்தே வைக்க வேண்டும்.

ஈரோட்டில் பட்டறைக்காரத் தம்பி புது டயரை முதலில் முன்பக்கம் மட்டும் மாட்டினான். ரிம் பழைய அலாய்தான். வெளியே தள்ளி நிற்கும் ரிம் போட்டால் டயர் சுற்றும் வட்டம் பெரிதாகி உரசலும் கூடும். தரையில் நிற்கும்போது எல்லாம் தாராளமாகத் தெரிந்தது. "இத நம்பாதீங்ணா. ஸ்பிரிங்கு அமுங்குனா டயரு பழைய எடத்துக்குத்தானுங்களே வரும்" என்றான். உண்மைதான். ஸ்பிரிங் அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை மாற்றாத வரைக்கும், முழுசாக அமுங்கின டயருக்கு லிஃப்ட் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

டயரின் தோள் முழுக்க சாக்பீஸை வழித்துப் பூசினான். ஒரு பக்கச் சக்கரத்தை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கியிருக்கும்போதே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்து, வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தினோம். இறக்கிப் பார்த்தால் மட்காடின் உள்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் லைனரின் பின்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. மட் ஃப்ளாப்பின் உள்விளிம்பிலும் ஒரு கோடு. மேலே, எல்லோரும் பயப்படுகிற இடத்தில், ஒன்றுமே இல்லை.

மட் ஃப்ளாப்பை அளந்து வெட்டினான். லைனரை ஹீட் கன்னால் இளக்கி, கட்டையால் பின்னுக்கு அமுக்கிப் பிடித்து, ஆறும்வரை விடவில்லை. அதன் பின்னால் இருந்த தகட்டு மடிப்பைச் சுத்தியலால் தட்டிப் படியவைத்து, பெயின்ட் உதிர்ந்த இடத்தில் ப்ரைமர் அடித்தோம். அதை விட்டால் அடுத்த மழைக்கே துரு ஏறும்.

ஸ்டெப்னியும் அதே அளவில் வாங்கினேன். காசு மிச்சம் பிடிக்கப் பழையதையே வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. நம் மாதிரி வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவ் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் பூட்டின மாதிரி ஒரே வேகத்தில் சுற்றும். ஒரு சக்கரம் மட்டும் 40 மில்லிமீட்டர் சின்னதாக இருந்தால் முறுக்கல் முழுக்கக் கியர் பெட்டிக்குத்தான் போகும். பின்னால் லோடு பெட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் ஏறியது.

அலைன்மென்ட் முடித்து, தாளவாடிக்குப் போனேன். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைவிட நல்ல சோதனை நமக்கு எங்கே இருக்கிறது? திரும்பும்போது காய் மூட்டை லோடு. இறக்கத்தில் வெளிப்பக்க முன்சக்கரம் அமுங்க, ஸ்டீயரிங்கும் ஒடிந்திருக்கும். ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுத்தே வந்தேன். ஒரு வளைவில் மட்டும் 'சர்' என்று லேசாகக் கேட்டது. வெட்டின மட் ஃப்ளாப்பின் மிச்சம்தான் அது, வீட்டுக்கு வந்து கத்தியாலேயே சீவிவிட்டேன்.

மைலேஜ் குறைந்தது. ஆனால் முதலில் கணக்கைச் சரி பண்ண வேண்டும். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு 5 சதவீதம் கூடுதலாக ஓடும், மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் காட்டுவதை 1.05-ஆல் பெருக்கிப் பார்த்தால் பயந்த அளவுக்கு இல்லை. வேகமும் அப்படித்தான்: மீட்டரில் 80 என்றால் பழைய டயரில் ஓடியதைவிட 5 சதவீதம் கூடுதலாகப் போகிறோம். பிக்கப் மந்தம், பிரேக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பது, இரண்டும் நிஜம். மலை இறக்கத்தில் இப்போது ஒரு கியர் குறைத்தே இறங்குகிறேன். ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைக்கும் வேலை பாக்கி இருக்கிறது, எதிரே வருபவர்கள் டிம் அடித்துக் கேட்கிறார்கள்.